கூலி என்று எழுதினால் போதுமா? மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டு

பண்ருட்டிப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஆயா. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். இரண்டு உள்ளங்கையிலும் தோல் கறுத்து, வெடித்து, விரல் நுனியெல்லாம் தேய்ந்து போயிருந்தது. கட்டிலைச் சுற்றி மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பதினொரு பேர், சொல்லிக்கொடுக்க நான். கேஸ் எடுத்த மாணவி தாளைப் பார்த்து ஒழுங்காகத்தான் படித்துக்கொண்டு வந்தார். பெயர், வயது, ஊர். தொழில்: கூலி. அதோடு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

"என்ன கூலி?" என்று கேட்டேன். மாணவி ஆயா பக்கம் திரும்பினார்.

"ஆயா, என்ன வேலைக்குப் போறீங்க?"

"கொட்டை உடைக்கத்தான் கண்ணு. சின்ன வயசுலேருந்து அதான்."

முந்திரிக் கொட்டை. அதன் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. பண்ருட்டி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்த மாணவி வளர்ந்தது வேறு ஊர். 'கூலி' என்ற ஒரு சொல்லோடு விட்டிருந்தால், ஆயாவுக்கு ஒரு களிம்பு கிடைத்திருக்கும். மறுநாள் மறுபடியும் கொட்டை உடைக்கப் போயிருப்பார். நோயாளியிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று தவறாமல் கேளுங்கள் என மருத்துவர்களுக்கு 1700-இலேயே இத்தாலியில் ராமட்சினி என்ற மருத்துவர் எழுதிவைத்தார். கேள்வி பழையதுதான். பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது.

மூன்றாம் ஆண்டு என்றால் என்ன என்று பெற்றோர்கள் கேட்கும்போது எனக்கு இந்த ஆயாதான் நினைவுக்கு வருகிறார். பிள்ளை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, இப்போது என்னதான் படிக்கிறான் என்பது வீட்டில் பலருக்குப் புரிவதில்லை. கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். இரண்டாம் ஆண்டில் நோய்க்குறியியல், மருந்தியல், நுண்ணுயிரியல். மூன்றாம் ஆண்டில் சமூக மருத்துவமும் தடயவியல் மருத்துவமும் முக்கியமாக வருகின்றன. வார்டுக்குப் போவது இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடும். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் முதல் ஆண்டிலேயே நோயாளியைப் பார்க்கவைக்கிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு மாணவர் வார்டில் பெரும்பாலும் கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவர். கையில் ஸ்டெத் இருக்கும். கேட்கும் சத்தத்துக்கு அர்த்தம் தெரியாது. மூன்றாம் ஆண்டில்தான் மருந்தின் பெயரும் கிருமியின் பெயரும் எதிரே படுத்திருக்கும் மனிதரோடு ஒட்டிக்கொள்கின்றன.

நாள் இப்படிப் போகும். காலையில் மூன்று மணி நேரம் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தைகள், எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, தோல், மனநலம் என்று சுற்று மாறிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு பேட்ச், ஒரு யூனிட்டோடு ஒட்டிக்கொள்ளும். முந்தின நாள் சாயங்காலமே போய், பி.ஜி. (மேற்படிப்பு) அக்காவிடமோ அண்ணனிடமோ "நல்ல கேஸ் இருக்கா?" என்று கேட்டு, நோயாளியிடம் பேசி, பரிசோதித்து, தாளில் எழுதிவைத்துக்கொண்டு, காலையில் ஆசிரியர் முன் பிரசன்ட் பண்ண வேண்டும். மதியம் வகுப்பு. செய்ததையெல்லாம் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வருகைப்பதிவு வகுப்புக்கு 75 சதவீதம், செய்முறைக்கும் வார்டுக்கும் 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது.

கேஸ் எடுப்பது என்பது முதலில் காதுக்கான பயிற்சி. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், நோயாளி பேசுவது தமிழில். 'மூச்சு வாங்குது' வேறு, 'மூச்சு முட்டுது' வேறு, 'இழுக்குது' வேறு. 'தலை சுத்துது' என்று சொல்பவருக்கு அறையே சுழல்வது போலிருக்கலாம், கண் இருட்டிக்கொண்டு வரலாம், நடக்கும்போது கால் தள்ளாடலாம். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள். 'நெஞ்சு கரிக்குது', 'நெஞ்சைப் பிசையுது', 'நெஞ்சு அடைக்குது' ஆகிய மூன்றையும் 'நெஞ்சுவலி' என்று ஒரே சொல்லாக எழுதிவிட்டால், இரைப்பையின் எரிச்சலும் இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பும் ஒரே வரியில் கலந்துவிடும். கால் 'மதமதன்னு' இருக்கிறது என்று சர்க்கரைக்காரர் சொல்வதற்கு நரம்பு பாதிக்கப்படுகிறது என்று பொருள். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராது. அதனால், நோயாளி சொன்ன சொல்லை முதலில் அப்படியே தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்துக்கு அப்புறம் போகலாம் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

சரி, இதில் ஆய்வு எங்கே வருகிறது? படிப்பு முடித்து, மேற்படிப்புக்குப் போய், ஆய்வுக்கூடத்தில் வெள்ளெலி வைத்துச் செய்வதுதான் ஆய்வு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கட்டிலின் பக்கம் நின்று ஒருவரிடம் கேட்ட கேள்வியை, அதே சொற்களில், நூறு பேரிடம் கேட்டால் அதுவும் ஆய்வுதான். என்னைக் கேட்டால், மருத்துவத்தில் பெரும்பாலான நல்ல ஆய்வுகள் அப்படித்தான் பிறந்திருக்கின்றன.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு ஒரு காரணமும் உண்டு. பாரிசில் லென்னெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டது 1816-இல். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்போதுதான். ஏழே ஆண்டுகள் கழித்து, 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததுதான் 1956-இன் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. 1964-இல் அது ஜிப்மர் ஆனது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது.

அதே பாரிசில், அதே காலத்தில், பியர் லூயி என்ற இன்னொரு மருத்துவர் இருந்தார். நிமோனியா வந்தால் ரத்தத்தை வடித்துவிடுவது அன்றைய வழக்கமான சிகிச்சை. எவ்வளவு சீக்கிரம் வடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள். லூயி தான் பார்த்த நோயாளிகளின் குறிப்புகளை எடுத்துவைத்து எண்ணினார். மொத்தம் 77 பேர். முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தம் வடிக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்திருந்தார்கள். தாமதமாக வடிக்கப்பட்ட 36 பேரில் 9 பேர். இரண்டு கூட்டமும் எல்லா வகையிலும் ஒப்பிடத்தக்கவைதானா என்று இன்றைக்கு நாம் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் எல்லோரும் நம்பிய ஒன்றை ஒரு மருத்துவர் கட்டில் கட்டிலாக எண்ணிப் பார்த்தாரே, அது பெரிய காரியம். வார்டில் நோயாளியை உற்றுப் பார்ப்பதும், பார்த்ததை எண்ணுவதும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில் வளர்ந்த பழக்கங்கள். இன்றைய கல்லூரிகளில் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துவிட்டோம்.

எண்ணுவதற்கு முன் பார்க்கத் தெரிய வேண்டும். இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளிலிருந்து ஒரு வாரக் காய்ச்சலோடு பலர் வருவார்கள். அதில் ஒரு பகுதி ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், எஸ்கார் என்பார்கள். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. இருப்பதோ அக்குளில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே, இடுப்பு நாடா இறுகும் இடத்தில். சட்டையின் மேல் ஸ்டெத்தை வைத்துவிட்டுப் போகிறவர் கண்ணில் அது ஒருநாளும் படாது. திரை போட்டு, பெண் நோயாளியென்றால் செவிலியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டு, பொறுமையாகத் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் விலை மலிவான டாக்சிசைக்ளின் மாத்திரையை அன்றே தொடங்கலாம். எத்தனை பேருக்கு எஸ்கார் இருந்தது என்று ஓர் ஆய்வு சொல்லும் எண், எவ்வளவு கவனமாகத் தேடினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. வார்டில் தேடப் பழகாதவர் எழுதும் புள்ளிவிவரத்தை என்னால் நம்ப முடிவதில்லை.

கேட்பதும் அப்படியே. சமூக மருத்துவப் போஸ்டிங்கில் மாணவர்கள் கிராமங்களுக்குப் போகிறார்கள். ஜிப்மருக்கு ராமநாதபுரத்தில் ஊரக மையம், குருசுக்குப்பத்தில் நகர மையம். மற்றக் கல்லூரிகளுக்கும் இப்படி மையங்கள் உண்டு. 2022 முதல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் வந்திருக்கிறது. முதல் ஆண்டிலேயே சில குடும்பங்களை ஒரு மாணவர் பொறுப்பில் விட்டு, மூன்றாம் ஆண்டு வரை அதே வீடுகளுக்குப் போய்வரச் சொல்கிறார்கள். பாகூர்ப் பக்கம் ஒரு திண்ணையில் நடந்தது இது. மாணவர் கேட்டார்: "ஐயா, சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"ஆங், தவறாம போட்டுகினுதான் இருக்கேன் தம்பி."

தாளில் 'ஆம்' என்று டிக் அடித்தாகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேறு மாதிரி கேட்டேன்: "எல்லாருக்குமே சில நாள் மாத்திரை போட முடியாம போயிடும். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் அப்படி ஆச்சுங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "செவ்வா, பொதன் போடல. வெள்ளி கல்யாணத்துக்குப் போயிட்டேன். நாத்திக்கெழமைதான் மறுபடியும் எடுத்தேன்." விரல் விட்டு எண்ணிப் பார்த்தால், ஏழில் நான்கு நாள் இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. முதல் கேள்வியில் 'ஒழுங்கா' என்ற சொல் இருந்தது. அதற்கு இல்லை என்று சொன்னால் தான் ஒழுங்கில்லாதவன் என்று ஒத்துக்கொள்வது போல. இரண்டாவது கேள்வி தவறவிடுவதைச் சாதாரண விஷயமாக்கியது, காலத்தையும் ஒரு வாரமாகச் சுருக்கியது. முதல் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டு எவ்வளவு பெரிய கணினியில் கணக்குப் போட்டாலும் வரும் பதில் தப்பாகத்தான் இருக்கும். அந்த மாணவர் அன்று மாலைக்குள் தன் கேள்வித்தாளில் பாதியைத் திருத்திக்கொண்டு வந்தார். நான் சொல்லாமலே.

மூன்றாம் ஆண்டு மாணவர் முறையாக ஆய்வு செய்ய இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன. பழையதும் நல்லதும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம், மாணவர்கள் எஸ்.டி.எஸ். என்பார்கள். தன் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகப் பிடித்து, திட்ட வரைவை அனுப்பி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கி, இரண்டு மாதம் வேலை செய்து, அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழும் உதவித்தொகையும் கிடைக்கும். 2019 பாடத்திட்டம் 'எலெக்டிவ்' என்ற விருப்பப் பயிற்சியையும் மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்குப் பின் சேர்த்தது. முதலில் இரண்டு மாதமாக இருந்தது, பிறகு ஒரு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அதில் ஒரு பகுதியை ஏதாவது ஆய்வுக்கூடத்திலோ நடந்துகொண்டிருக்கும் ஆய்வுத் திட்டத்திலோ செலவிடலாம். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வார்டுப் பயிற்சியை இரண்டாம் ஆண்டுக்கே முன்தள்ளிவிட்டு, மூன்றாம் ஆண்டை ஆய்வுக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. கிடைக்கும் இரண்டு மாதத்துக்குள் அடங்குகிற கேள்வியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'கடலூர் மாவட்டத்தில் சர்க்கரை நோய்' என்று தலைப்பு வைத்துக்கொண்டு வருவார்கள். அது ஒரு துறையே பல ஆண்டு செய்ய வேண்டிய வேலை. நம் ஓ.பி.க்கு வரும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகள் அந்த மருந்தை வீட்டில் எங்கே வைக்கிறார்கள்? இது இரண்டு மாதத்தில் முடியும். குளிர்சாதனப் பெட்டி உண்டா, இருந்தால் மின்வெட்டில் என்ன செய்கிறார்கள், இல்லாதவர்கள் மண்பானைக்குள் ஈர மணல் போட்டு வைக்கிறார்களா, ஊசியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்துகிறார்கள்? கடலூர் தேவனாம்பட்டினத்து வெயிலில் இன்சுலின் என்ன ஆகிறது என்பது அதைப் போட்டுக்கொள்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு சிக்கல் நம் வரைபடம். புதுச்சேரியும் கடலூரும் சுமார் 22 கிலோமீட்டர்தான். பாகூர்ப் பக்கம் போனால் எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்று வயல் வரப்பில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நோயாளி பரிசோதனைக்குப் புதுச்சேரிக்கு பஸ் ஏறுவார். மாத்திரையைத் தன் ஊரில், தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வாங்குவார். இரண்டு அரசுகள், இரண்டு பதிவேடுகள். மூன்று மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க நினைக்கும் மாணவர், நம் மருத்துவமனைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு 'சிகிச்சையை விட்டுவிட்டார்' என்று எழுதிவிடக்கூடும். போன் போட்டுக் கேட்டால் அவர் வேறிடத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு நன்றாக இருப்பார்.

ஊரைத் தெரிந்துகொண்டு செய்த ஆய்வு என்ன சாதிக்கும் என்பதற்கு, புதுச்சேரி கோரிமேட்டுப் பக்கமே இருக்கிற நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைக் காட்டுவேன். ஐ.சி.எம்.ஆர். அதை 1975-இல் தொடங்கியபோது இந்தப் பகுதியில் யானைக்கால் நோய் மண்டிக்கிடந்தது. வீட்டுச் சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுதான் அதைப் பரப்பியது. அந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகலில் ஓடும் ரத்தத்தில் அநேகமாகத் தென்படாது. இரவில், அதுவும் பத்து மணிக்கு மேல்தான் வெளியே வரும். ஆகவே இரவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, தூங்குகிறவரை எழுப்பி, விரலில் குத்தித்தான் ரத்தம் எடுக்க வேண்டும். பகல் பத்து மணிக்கு நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகும் மாணவர்களுக்கு, அந்தக் கணக்கெடுப்பில் ஒரு இரவு கூடப் போனாலே, தரவு என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் தூக்கம் இருக்கிறது என்று புரியும்.

தூக்கம் மட்டுமா, நம்பிக்கையும் இருக்கிறது. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக மொழிபெயர்த்த படிவங்களைப் பார்த்திருக்கிறேன், தமிழாசிரியருக்கே புரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவரென்றால் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துச் சொல்லி, கைநாட்டு வாங்க வேண்டும். இந்த ஆய்வில் சேராவிட்டாலும் உங்கள் வைத்தியம் மாறாது என்ற ஒரு வரியை நோயாளி உண்மையிலேயே நம்பினாரா என்று பார்க்க வேண்டும். வெள்ளைக் கோட்டுக்கு முன் வேண்டாம் என்று சொல்வது நம் மக்களுக்கு எளிதில்லை. "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி தம்பி" என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதே என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒப்புதலாகாது. அவர் உன்மேல் வைத்திருக்கும் பாரம் அது.

மனதை வருத்தும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மேற்படிப்பு நுழைவுத்தேர்வுப் பயம். மூன்றாம் ஆண்டிலேயே போனில் பயிற்சி வீடியோ ஓட, வார்டுக்கு வருகைப்பதிவுக்காக மட்டும் வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுதான் அவர்களின் வாழ்க்கையை முடிவு செய்கிறது. ஆனால் எதிரே இருக்கும் ஆள் நான்கு விடையோடு வருவதில்லை. இரண்டு, கட்டுரை எண்ணிக்கை. பெயர் வந்தால் போதும் என்று, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் போடுகிறார்கள். மாணவர்களைத் தரவு நிரப்பும் கையாளாக வைத்துக்கொண்டு, கட்டுரையில் பெயரைக்கூடச் சேர்க்காத மூத்தவர்களும் இருக்கிறார்கள். ஆய்வு என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று ஒரு இருபது வயதுப் பிள்ளை முடிவுகட்டிவிட்டால், அப்புறம் அவரைத் திரும்ப அழைத்துவருவது கஷ்டம்.

ஆனாலும் அப்படி முடிவுகட்டாத பிள்ளைகள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேராவது வந்துவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையில் நடந்தது. பாம்புக்கடி என்று ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். கரும்பு வெட்டும்போது காலில் கடித்திருந்தது. பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடி விரியன் போன்ற விரியன் பாம்பின் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று அறியக் கட்டிலருகிலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக உறைந்திருந்தால் ரத்த உறைவைப் பொறுத்தவரை இப்போதைக்குப் பயமில்லை. தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைத் தின்றுவிட்டது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். இருபது நிமிடம் ஆனது. சாய்த்தார்கள். ஓடியது.

மருந்து ஏற்றினார்கள். கூடவே நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி மட்டும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், இந்தக் குழாயை எதுல கழுவுறாங்க?"

நான் அதுவரை யோசித்ததில்லை. கண்ணாடியின் மேற்பரப்புதான் ரத்தம் உறைவதைத் தூண்டிவிடுகிறது. பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ அந்தத் தூண்டுதல் கெட்டுவிடும். விஷமே ஏறாத ரத்தம்கூட உறையாமல் நிற்கக்கூடும். அப்படி நின்றால் தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து போகும். அந்த மருந்துக்கே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். மாணவி இரண்டாம் ஆண்டில் படித்த ரத்த உறைவுப் பாடத்தை அந்தக் கட்டிலின் பக்கத்தில் நினைவுபடுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த இளைஞருக்கு ஈறிலிருந்தும் ரத்தம் கசிந்தது, ஆய்வுக்கூட முடிவும் ஒத்துவந்தது. மருந்து ஏற்றியது சரிதான். ஆனால் மறுநாள் காலை மாணவியும் நானும் கழுவும் அறைக்குப் போனோம். எல்லாவற்றையும் ஒரே வாளியில், சோப்புத் தூளில்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவும் அம்மா, "சோப்பு போடாம எப்படிம்மா சுத்தமாவும்?" என்று நியாயமாகத்தான் கேட்டார். மாணவி அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் விரலை வைத்து ரத்தம் உறைவதை விளக்க ஆரம்பித்தார். நான் வகுப்புக்குக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் அவசரப் பிரிவு அலமாரியில் புதுக் கண்ணாடிக் குழாய்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பெட்டியின் மேல் வெள்ளை பிளாஸ்திரியில், மாணவியின் கையெழுத்து இல்லை அது, யாரோ கட்டை கட்டையாக எழுதியிருந்தார்கள்: 'பாம்பு டெஸ்ட்டுக்கு மட்டும். சோப்பு கூடாது.'